ஆபீஸ்: கரிசல் காட்டில் ஒரு சொல்லின் சரித்திரம்

1

மதுரையில் எம்.ஏ. தமிழ் சேர்ந்த முதல் வாரம். ஒவ்வொருவராக எழுந்து ஊர், பெயர், குடும்பம் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது, "அருப்புக்கோட்டைப் பக்கம். அப்பா தறி. அம்மா ஆபீஸ் போறாங்க" என்றேன். ஆசிரியர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "எந்த டிபார்ட்மெண்ட்?" என்றார். "தீப்பெட்டி" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. எங்க ஊரில் அதுக்கு வேற பேரே கிடையாது. சாத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு மாணவி மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். ஒரே சொல்லை நானும் ஆசிரியரும் பயன்படுத்தினோம். அவர் காதில் விழுந்தது மின்விசிறி, மேசை, கோப்பு, மாதச் சம்பளம். என் வாயிலிருந்து வந்தது குச்சி, கட்டை, மருந்து வாடை, சனிக்கிழமைக் கூலி. சொல் ஒன்று, உலகம் இரண்டு. இதை 'வட்டார வழக்கு' என்று ஒரு அடைப்புக்குள் போட்டு முடித்துவிடலாம். நம் தமிழ்த்துறைகள் அப்படித்தான் முடிக்கும். ஆனால் ஒரு சொல்லை யார் எந்த அர்த்தத்தில் பேசுகிறார்கள் என்பதே ஒரு சமூகத்தின் சண்டை நடக்கும் இடம் என்று 1929-லேயே வோலஷினோவ் எழுதிவிட்டார். பொதுப் புழக்கச் சொற்களின் வழியே ஒரு சமூகத்தின் சரித்திரத்தை எழுதமுடியும் என்பதை ரேமண்ட் வில்லியம்ஸ் 'கீவேர்ட்ஸ்' (1976) நூலில் செய்து காட்டினார். அந்த வழியில் 'ஆபீஸ்' என்கிற இந்தச் சொல்லைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கலாம்.

முதலில் நிலப்படம். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, விருதுநகர் வட்டாரங்களில் தீக்குச்சி செய்யும் இடம் 'தீப்பெட்டி ஆபீஸ்'. பட்டாசு செய்யும் இடம் 'வெடி ஆபீஸ்', 'பட்டாசு ஆபீஸ்' அல்லது 'பயராபீஸ்'. அருப்புக்கோட்டைக்கு மேற்கே சாத்தூர்ப் பக்கம் போகப் போக இந்த அர்த்தம் கெட்டிப்படுகிறது. கிழக்கே திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் இறங்கினால் சொல் மறுபடி மாறிவிடும். அங்கே மழை பொய்த்த வருசத்தில் சனங்கள் போவது கரிமூட்டத்துக்கு. சீமைக்கருவேலை வெட்டி, அடுக்கி, மண் மூடிக் கரி சுடுகிற அந்த இடத்தை யாரும் ஆபீஸ் என்று சொல்வதில்லை. 'ஆபீசுக்குப் போயிருக்காக' என்று திருச்சுழியில் சொன்னால் தாலுகா ஆபீஸ் அல்லது பத்திர ஆபீஸ். முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள், ஒரே மானாவாரிக் காட்டுக்குள் ஒரு சொல்லுக்கு ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது.

2

இங்கிலீஷ்காரனிடம் இந்தச் சொல் எப்படி வந்தது? இலத்தீனில் 'ஓபுஸ்' என்றால் வேலை, 'ஃபாகெரே' என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து பிறந்தது 'ஒஃபீகியும்'. கடமை, செய்யவேண்டிய காரியம் என்று பொருள். இதே குடும்பத்தில் 'ஓபிஃபெக்ஸ்' என்றால் கைவினைஞன். 'ஒஃபிகீனா' என்றால் பட்டறை. அந்தப் பட்டறைச் சொல்லிலிருந்துதான் பிரெஞ்சில் தொழிற்சாலையைக் குறிக்கும் 'யூஸின்' வந்தது. இத்தாலியில் இன்றைக்கும் வண்டி பழுது பார்க்கும் பட்டறை 'ஒஃபிசீனா'தான். ஸ்பானிஷில் அதே சொல் எழுத்தர்கள் உட்காரும் இடத்துக்குப் போய்விட்டது. ஆக, கைவேலைக்கும் எழுத்து வேலைக்கும் நடுவில் இந்தச் சொல் ஐரோப்பாவிலேயே அலைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இங்கிலீஷில் அது எடுத்த வேஷங்களோ பல. தேவாலயத்தில் பாதிரி தினசரி ஓதும் ஜெபம் 'ஆபீஸ்'. கத்தோலிக்கத் திருச்சபை மதவிரோதிகளை விசாரித்த அமைப்புக்குப் பெயர் 'புனித ஆபீஸ்'. பதவி என்பது ஆபீஸ். மந்திரி 'ஆபீஸில் இருக்கிறார்' என்றால் ஆட்சியில் இருக்கிறார் என்று அர்த்தம். பிரபுக்கள் வீட்டில் சமையற்கட்டு, துணி வெளுக்கும் அறை இவைகளையும் சேர்த்து ஆபீஸ்கள் என்றே சொன்னார்கள். 1858-இல் கும்பெனி ஆட்சி முடிந்தபின் நம்மை மேலிருந்து நிர்வகித்தது லண்டனிலிருந்த ஓர் ஆபீஸ்: 'இந்தியா ஆபீஸ்'.

இவற்றில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் 'ஃபயர் ஆபீஸ்' என்றால் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனம். 1710-இல் தொடங்கிய 'சன் ஃபயர் ஆபீஸ்' அதில் பிரசித்தம். காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் ஒரு உலோகத் தகடு அடித்து வைப்பார்கள். அந்த வீடு எரிந்தால் ஃபயர் ஆபீஸ் பணம் தரும். எங்கள் ஊர் பயராபீஸில் எரிவது ஆபீஸேதான்.

3

தமிழ்நாட்டில் ஆபீசுக்கு முன்னால் இருந்தது கச்சேரி. இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல். கலெக்டர் கச்சேரி, தாலுகா கச்சேரி, ஹுசூர் கச்சேரி. இன்றைக்கும் ஈழத்தமிழர் யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்தைக் கச்சேரி என்றுதான் சொல்கிறார்கள். இங்கே அந்தச் சொல் மெல்ல நகர்ந்து பாட்டுக் கச்சேரிக்குள் புகுந்துகொண்டது. மயிலாப்பூரில் கச்சேரி ரோடு என்கிற பெயரைக் கேட்டு சங்கீதம் என்று நினைப்பவர்கள் உண்டு. காலியான இடத்தில் ஆபீஸ் வந்து உட்கார்ந்தது. தபாலாபீஸ், ரிஜிஸ்தர் ஆபீஸ், அச்சாபீஸ்.

நம் திருச்சுழியில் இந்தக் கச்சேரிக் காலத்துக்கு ஒரு சாட்சி உண்டு. 1879-இல் அங்கே பிறந்த வேங்கடராமனை ரமண மகரிஷியாக உலகம் அறியும். அவருடைய தகப்பனார் சுந்தரமய்யரை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. சிறுவயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் இரண்டு ரூபாய்க்கு எழுத்து வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு மனு எழுதுபவரானார். அதன்பின் சட்டப் பட்டம் இல்லாமலே வழக்காட அனுமதி பெற்று ஊரில் பெரிய மனுஷரானார். 1892-இல் இறந்துபோனார். ஒரு மனிதன் எழுத்தைக் கொண்டே அதிகாரத்தின் வாசல்படியில் எவ்வளவு தூரம் ஏற முடிந்தது என்பதற்கு இது ஒரு உதாரணம். ஏறுவதற்கு அந்த எழுத்து முதலில் கையில் இருக்கவேண்டும். யாருக்கு அது இருந்தது, யாருக்கு இல்லை என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை.

அந்த வாசல்படியில் நின்ற குடியானவனுக்கு எழுத்து என்னவாகத் தெரிந்திருக்கும்? 1803-இல் ராமநாதபுரம் நிரந்தர நிலவரித் திட்டத்தின் கீழ் ஜமீனானது. இந்த வறண்ட சீமையில் காடு யாருடையது, வரி எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் ஜமீன் கச்சேரிக் கணக்கில் இருந்தது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கணக்கு அரசாங்கத்திடம் போனது. 1910-இல் உண்டான ராமநாதபுரம் ஜில்லாவின் கலெக்டர் ஆபீசோ ஜில்லாவுக்கு வெளியே, மதுரையில் வெகுகாலம் இருந்தது. 1985-இல் காமராஜர் மாவட்டம் பிரிந்து விருதுநகர் தலைநகரான பிறகுதான் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் பஸ் ஏறி இறங்கும் தூரத்துக்கு வந்தது. ஆக, ஆபீஸ் என்பது கட்டிடத்தைவிட முக்கியமாக ஒரு நோட்டு. உன் பெயர் அதில் எழுதியிருக்கிறதா இல்லையா? இருந்தால் நிலம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு தீப்பெட்டிக்குப் போவோம்.

4

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீக்குச்சித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1923-இல் சிவகாசியில் தொழில் ஆரம்பமானது. அதே 1923-இல் உலகத்துத் தீக்குச்சிச் சந்தையில் பாதியை விழுங்கப் பார்த்த ஸ்வீடிஷ் கம்பெனி, 'விம்கோ' என்ற பெயரில் இந்தியாவுக்குள் இறங்கியது. அது இயந்திரம். சிவகாசியில் இருந்தது கை. மழை இல்லாத பூமி, காய்ந்த காற்று, வேலைக்கு அலையும் கைகள். குச்சிக்கு ஈரம் ஆகாது. வயலுக்குச் சாபமாக இருந்த வறட்சி தீப்பெட்டிக்கு வரமாக இருந்தது.

இந்த இடத்துக்கு 'பாக்டரி' என்று பெயர் வராமல் 'ஆபீஸ்' என்று எப்படி வந்தது? அருப்புக்கோட்டையில் நூல் நூற்கும் இடம் 'மில்'தான். 'மில்லுக்குப் போறாரு' என்றால் சங்கு ஊதுவது, ஷிப்டு, போனஸ், சங்கம் எல்லாம் சேர்ந்து ஞாபகம் வரும். தறி ஓடும் இடம் தறிக்கூடம். தீப்பெட்டிக்கு மட்டும் ஏன் ஆபீஸ்?

அச்சாபீஸ், தபாலாபீஸ் மாதிரியில் உண்டானது என்று ஒருவர் சொல்லலாம். அது சொல்லின் வடிவத்துக்கு விளக்கமாகும். சொல் அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டதற்கு விளக்கமாகாது. என் ஊகம் இது. 1934-இல் வெள்ளைக்கார அரசாங்கம் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி போட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் வரி செலுத்தியதற்கு அடையாளமான சீட்டு ஒட்டவேண்டும் என்று ஆனது. சீட்டு வேண்டுமென்றால் லைசென்ஸ் வேண்டும், ரிஜிஸ்தர் வேண்டும், வந்து பார்க்க ஓர் அதிகாரி வேண்டும். ஓட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து குச்சி அடுக்குகிற வேலை ஒரே நாளில் கணக்குக்குள் வந்துவிட்டது. இன்னொரு பக்கம், இது துண்டுக் கூலி வேலை. எத்தனை கட்டை அடுக்கினாய், எத்தனை குரோஸ் பெட்டி அடைத்தாய் என்பதற்குத்தான் காசு. பெட்டி ஒட்டுகிறவர்கள் வீட்டிலிருந்தே ஒட்டிக் கொண்டுவருவார்கள். வேலை எங்கெங்கேயோ நடந்தாலும் கணக்கப்பிள்ளை உட்காரும் மேசைதான் மையம். வேலை செய்யும் பெண்ணின் பார்வையில் அந்த இடத்தில் முக்கியமான பொருள் இயந்திரமல்ல. இயந்திரமே பெரும்பாலும் இல்லை. நோட்டுதான். நோட்டு இருக்கும் இடம் ஆபீஸ்.

5

இதைச் சாத்தியமான ஒரு ஊகமாக மட்டும் வைத்திருந்தேன். அம்மாவிடம் கேட்டபோது அவள் சொன்னது:

"காட்டு வேலைக்குப் போனா யாரும் பேரச் சொல்லிக் கூப்புட மாட்டாக. 'ஏ, இவளே'ன்னுதான். பெறகு கம்போ சோளமோ அவுக அளந்து போட்டதுதான் கூலி. ஆபீஸ்ல அப்படி இல்ல. நோட்டுல பேரு இருக்கும்ல."

கரிசல் காட்டுச் சம்சாரியிடம் கூலிக்குப் போவது என்பது வெயிலை மட்டும் சம்பந்தப்பட்டதில்லை. சாதி சம்பந்தப்பட்டது. எங்கே நிற்கலாம், எதில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், எப்படிக் கூப்பிடப்படுவோம் என்பதெல்லாம் அதில் அடக்கம். அதிலிருந்து நிழலுக்குள், காசுக் கூலிக்குள், ஒரு நோட்டில் எழுதப்பட்ட சொந்தப் பெயருக்குள் வந்த பெண்கள் அந்த இடத்துக்கு, கலெக்டர் உட்காரும் இடத்தின் பெயரையே வைத்தார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் 'ஆபீசுக்கு நேரமாச்சு' என்று சொல்லிக்கொண்டு தூக்குச்சட்டியோடு ஓடியதில் ஓர் உரிமைக் குரல் இருக்கிறது. இதைப் 'போலிப் பிரக்ஞை' என்று நம் மார்க்சிய நண்பர்கள் தள்ளிவிட முடியாது. முதலாளி மேலிருந்து சூட்டிய பெயராக இருந்திருந்தால் அது இத்தனை வாய்களில் இத்தனை இயல்பாகத் தங்கியிருக்காது.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மா ஆபீஸ் போக ஆரம்பித்தது ஒன்பது வயதில். அது 1970-களின் நடு. விடியுமுன் பஸ் வந்து ஊர்ப்புறத்தில் ஹாரன் அடிக்கும். தூக்கத்தோடு தூக்கமாகப் பிள்ளைகளை ஏற்றிவிடுவார்கள். அவளே சொன்னதுதான்:

"இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு மட்டும் வேற நோட்டு வைப்பாக. எங்களப் பின்னாடி ஓடைக்குள்ள போய் உக்காரச் சொல்லிருவாக. அவரு போனப்பெறகு பழைய நோட்டு."

இரண்டு நோட்டு. ஒன்றில் அவளுக்குப் பெயர் உண்டு, அதற்குக் கூலியும் உண்டு. மற்றதில் அவள் இல்லவே இல்லை. சட்டத்தின் கண்ணில் படுவது இரண்டாவது நோட்டு. அன்றைய 1948 தொழிற்சாலைச் சட்டப்படி மின்சக்தி இருந்தால் பத்துப்பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்த இடம் தொழிற்சாலையாக இருந்தது. பதினாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அங்கே வைக்கக்கூடாது. இருபதுக்குக் கீழே கணக்கைக் காட்டினால், வேலையைப் பிரித்து வீடுகளுக்கு அனுப்பினால், அந்த இடம் தொழிற்சாலை ஆவதிலிருந்து தப்பிக்க முடிந்தது. சிறு அலகுகளுக்கு வரிச் சலுகை இருந்ததால் ஒரே குடும்பத்துக்குள் பல பெயர்களில் பிரித்துக்கொள்வதில் லாபமும் இருந்தது. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு இரண்டையும் தடைப்பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கும் கொடுத்தது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்டவேண்டும் என்றது.

தொழிற்சாலை என்று சட்டம் சொல்கிறது. ஆலை என்று பத்திரிகை எழுதுகிறது. ஆபீஸ் என்று வேலை செய்பவள் சொல்கிறாள். மூன்று சொல்லாடல்கள், ஒரே கொட்டகை. பிள்ளைகள் இப்போது பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். அதற்கு வழக்குகள் மட்டும் காரணமல்ல. 1977-இல் அருப்புக்கோட்டையில் ஜெயித்து முதல்வரான எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவுக்கும் அதில் பங்குண்டு. ஒரு வேளைச் சோறு எந்த இன்ஸ்பெக்டரையும்விடப் பலமானது.

6

தனித்தமிழ்வாதிகள் ஆபீசை 'அலுவலகம்' ஆக்கினார்கள். 1956 ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் 'காரியாலய'மும் போய் அலுவலகம் நிலைத்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'வட்டாட்சியர் அலுவலகம்' சரியாக இருக்கிறது. 'தீப்பெட்டி அலுவலகம்', 'வெடி அலுவலகம்' என்று சொல்லிப் பாருங்கள். வாய் வராது. தூய தமிழ்ச் சொல், மேசைக்காரர்களை மட்டும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மருந்து முக்குகிறவளைக் கலப்புச் சொல்லிலேயே விட்டுவிட்டது. மொழித் தூய்மை யாரைச் சுத்தம் செய்தது, யாரை வெளியே நிறுத்தியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் வெடி விபத்து. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் இன்னொன்று. இருபது உயிர்களுக்குக் குறையாமல் போயின. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் 'உள்குத்தகை' என்ற சொல் பத்திரிகையில் வரும். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை வாடகைக்கு எடுத்து வேலை நடத்துவது வேறு பலர். பட்டாசில் லைசென்சையே 'நாக்பூர் லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்று, அதைக் கொடுக்கும் ஆபீசின் பெயரால்தான் அழைப்பார்கள். பெரிய அளவு என்றால் நாக்பூரிலுள்ள வெடிபொருள் துறைத் தலைமையகம், சிறியது என்றால் மாவட்ட வருவாய் அலுவலர். மேலே ஓர் ஆபீஸ் முத்திரை குத்தினால்தான் கீழே ஓர் ஆபீஸ் நடக்கும். முத்திரை ஒருவருக்கு, அறை இன்னொருவருக்கு, வேலை மூன்றாமவருக்கு என்று பிரிந்துபோன இடத்தில், செத்தவளின் பெயர் எந்த நோட்டில் இருக்கும்?

இந்தக் கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. நஷ்ட ஈடு வேண்டுமென்றால் அவள் அங்கே வேலை செய்தாள் என்று காட்டவேண்டும். காட்டுவதற்கு நோட்டு வேண்டும். உள்குத்தகைக்காரனின் நோட்டு எரிந்திருக்கும், அல்லது இருந்திருக்கவே இருந்திருக்காது. பிறகு கிராம நிர்வாக அலுவலர், தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று ஏறி இறங்கி, மனு எழுதித் தருகிறவருக்குக் காசு கொடுத்து, 'இவள் இங்கே வேலை செய்தாள்' என்று எழுதிவாங்க வேண்டும். சுந்தரமய்யர் காலத்துத் திருச்சுழியில் கச்சேரி வாசலில் நின்றவனுக்கும் இவளுடைய புருஷனுக்கும் நடுவில் நூற்றுமுப்பது வருசம் ஓடியிருக்கிறது. இருவருக்கும் தேவை ஒன்றுதான்: யாராவது பெயரை எழுத வேண்டும்.

கூலிக்காரப் பெண்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது கட்டிடத்தையோ மின்விசிறியையோ கேட்கவில்லை. ஒரு நோட்டையும் அதில் தங்கள் பெயரையும்தான் கேட்டார்கள். சொல் கிடைத்தது. நோட்டு இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை.

அம்மா இப்போது ஆபீஸ் போவதில்லை. விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. சென்ற மாதம் முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுக்கத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். படிவத்தில் 'முன்பு செய்த தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். "ஆபீஸ்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. எங்க பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது. 'கூலி' என்று எழுதிக்கொண்டார்.